ஆளில்லாத வீடு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வைஃபை ரவுட்டர்களைச் சோதிப்பது என் வேலை. வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் இண்டர்நெட்டில் இருந்தால் ரவுட்டர் தாங்குமா என்று பார்க்க, கணினியில் ஒரு பொய்க் குடும்பத்தை ஓடவிடுவேன். அப்பா படம் பார்ப்பார், மகள் கேம் விளையாடுவாள், அம்மா வீடியோ காலில் பேசிக்கொண்டே இருப்பார். அந்த அம்மாவை உண்டாக்கியவன் நான்தான் என்றாலும் சில நாள் எரிச்சலாக வரும்.

பொய் பொய்யாகவே தெரிகிறது என்றார் எங்கள் மேலாளர் அக்கா. தைப்பூச விடுமுறையில் அவரவர் வீட்டு இண்டர்நெட் டிராஃபிக்கைப் பதிவுசெய்து கொண்டுவரச் சொன்னார். பாயான் பாருவில் இருக்கும் என் வீட்டில் நானும் பதிவுசெய்தேன்.

விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியதும் என் பதிவின் வரைபடத்தை அக்கா பார்த்தார். "என்ன தம்பி, வீட்டப் பூட்டிட்டு தண்ணீர்மலைக் கோயில்லயே இருந்துட்டியா? கோடு அசையவே இல்லையே."

விடுமுறை முழுக்க நான் வீட்டில்தான் இருந்தேன்.

"ஆமாக்கா," என்றேன்.

"பரவால்ல லா. ஆளில்லாத வீடும் டெஸ்டுக்கு வேணும்தான்."

அந்தப் பெயரிலேயே அதைச் சேமித்தார். இப்போதும் புது ரவுட்டர் வந்தால் முதலில் அதைத்தான் ஓடவிடுகிறோம். இதுவரை எந்த ரவுட்டரும் அதில் திணறியதில்லை.