பதினொரு போத்தலும் ஒரே சிவப்பு

1. மாட்டுக்கு வரிசை

நான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னிடம் ஒரு நோயாளியும் வரவில்லை. புத்தளத்தில் கடல்நீர்க் களப்போரத்தில் ஒரு தனியார் உப்பளம். வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலம். எனக்குத் தந்த மருந்தறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஓர் அலுமாரி, நிறை பார்க்கும் தராசு.

பத்து மணி போல வெளியே பெரிய ஆரவாரம் கேட்டது. எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டேன். வந்தவர்கள் என் வாசலைத் தாண்டிப் பின்பக்கக் கொட்டிலுக்குப் போனார்கள். அன்று மாட்டு டொக்டர் வரும் நாளாம். உப்பு வண்டி இழுக்கும் எருதுகளைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் வரிசையில் நின்றார்கள். தீனி குறைந்தது, சாணம் இளகியது, இடது காலைச் சற்றே இழுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அவர்களில் மூன்று பேர் தாங்களே காலை இழுத்து நடந்தார்கள். அதைப் பற்றி யாரும் டொக்டரிடம் சொல்லவில்லை.

மருந்தறை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது என்பது அங்கே எழுதாத சட்டம். ஆம்பிளை அங்கே வந்தால் ஒன்று கை வெட்டுப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனைவிக்கு மருந்து வாங்க வந்திருக்க வேண்டும்.

2. துரையின் கட்டளை

இரண்டாம் வருஷம் ஒரு மேஸ்திரி வேலைக்கு நடுவே பாத்தி வரம்பில் விழுந்து இறந்துபோனார். முதல் நாள் வரை நன்றாக இருந்தார் என்றார்கள். மனேஜர் துரை ஒரு சர்க்குலர் போட்டார். நாற்பது வயது தாண்டிய நிரந்தர வேலையாட்கள் வருஷம் ஒரு தடவை சோதிக்கப்பட வேண்டும். வராதவருக்கு அடுத்த போகத்தில் வேலை இல்லை.

பதினொரு பேர் வந்தார்கள். நிறை பார்த்தபோது நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள், அதனால் நிறை கூடும் என்பதுபோல. சிறுநீர் என்றதும் முகம் மாறியது. மருந்தறையில் வைத்துத் தர வெட்கமாம். ஆளுக்கொரு போத்தலைக் கொடுத்து, பெயர் ஒட்டி, மறுநாள் காலையில் கொண்டுவரச் சொன்னேன். நான் செய்த பிழை அதுதான்.

மறுநாள் ஸ்பிரிட் லாம்பைப் பற்றவைத்து உட்கார்ந்தேன். நீல நிறப் பெனடிக்ட் கரைசலில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சீனி இல்லை, பச்சையானால் கொஞ்சம், செங்கல் நிறமானால் மோசம். முதல் போத்தல் செங்கல். இரண்டாவதும் செங்கல். பதினொன்றும் செங்கல்.

கரைசல் பழுது என்று நினைத்து வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. வாரம் ஒரு தடவை புத்தளத்திலிருந்து வரும் டொக்டரிடம் டியூப்களைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “என்ன ஐசே, உங்கட உப்பளத்தில இப்ப சீனி விளையுதோ?” என்றார்.

அந்தப் பதினொரு பேரில் வண்டிக்காரர் பேதுருவைத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன். கூரையைப் பார்த்தபடி உண்மையைச் சொன்னார். தங்களுடையதைக் கொடுத்தால் ஏதாவது நோயைக் கண்டுபிடித்துவிடுவேனோ என்று எல்லோருக்கும் பயமாம். ஆகவே கூடிப் பேசி, தங்களில் மிகத் திடமான மனிதரான கங்காணி கபூர் நாநாவிடம் போத்தல்களைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மூட்டையை ஒரே தடவையில் தூக்கும் மனிதர் அவர். முகம் சுளிக்காமல் பதினொன்றையும் நிரப்பிக் கொடுத்தாராம்.

“அவருக்கு அதில குறைவே இல்ல ஐயா. குடம் குடமா தண்ணி குடிக்கிறார், அரை மணிக்கொருக்கா போறார்” என்றார் பேதுரு, மரியாதையோடு.

அவர் சொன்னது முழுவதும் சலரோகத்தின், அதாவது நீரிழிவின், குறி.

3. கபூர் நாநாவின் கால்

கபூர் நாநா நான் சொன்னதை நம்பவில்லை. தேத்தண்ணிக்குக்கூடச் சீனி போடுவதில்லை, பனங்கருப்பட்டிதான் கடிப்பது என்று வாதாடினார். அவருடைய வலது காலில் துணி சுற்றியிருந்தது. கேட்டதற்கு, உப்புத் தண்ணீர் பட்ட புண், எல்லோருக்கும் வருவது என்றார். எத்தனை நாளாக என்றேன். மழைக்கு முன்னால் வந்ததாம். மழை முடிந்து மூன்று மாதம். அவிழ்த்துக் காட்டச் சொன்னதும் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவருடைய மனைவி ஆமினா கணவரை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். புருஷன் மெலிந்துகொண்டே போவதை அவர் மாதக்கணக்காகச் சொல்லியும் நாநா கேட்கவில்லையாம். வாசலில் பேதுருவும் மற்றவர்களும் நின்றார்கள். நாநா மறுபடி எழும்பப் பார்த்தார். ஆமினா குரலை உயர்த்தவில்லை.

“உங்கட மூத்திரத்த ஊருக்கே குடுத்தீங்க. உங்கட கால ஐயாவுக்குக் காட்ட ஏலாதா?”

நாநா துணியை அவிழ்த்தார். இரண்டு விரல் கறுத்திருந்தது. வாசலில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்றைய பஸ்ஸிலேயே புத்தளத்துக்கு அனுப்பினேன். பெரியாஸ்பத்திரியில் அந்த இரண்டு விரலையும் எடுத்தார்கள். இன்னும் பத்து நாள் பிந்தியிருந்தால் முழங்காலுக்குக் கீழே கால் இருந்திருக்காது என்று டொக்டர் எனக்குச் சொன்னார்.

மற்றப் பத்துப் பேருக்கும் மறுசோதனை வைத்தேன். இந்தத் தடவை மருந்தறை மூலையிலேயே தென்னோலைக் கிடுகுத் தட்டி மறைப்பு. ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு தெரிந்தது, இன்னொருவருக்குக் கொஞ்சம் சீனி. மீதி எட்டுப் பேரும் ஏதோ ஓட்டப் பந்தயத்தில் வென்றவர்கள்போல ஒரு வாரம் திரிந்தார்கள்.

4. என்னுடைய போத்தல்

நாநா திரும்பிவந்து தினமும் காலையில் என்னிடம் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டார். அடுத்த வருஷச் சோதனைக்கு ஆட்களைத் துரத்திப் பிடித்து வந்தவர் அவர்தான். மறைப்பு வாசலில் காவல் நின்று, கடைசியில் தட்டில் இருந்த போத்தல்களைப் பார்த்தார்.

“எல்லார்டயும் ஈக்கிது. உங்கட எங்க ஐயா?”

எனக்கு நிறைய வேலை கிடக்கிறது, அதோடு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

“எனக்கும் அப்ப உடம்புக்கு ஒண்டும் இல்லத்தானே” என்று சொல்லி, ஒரு வெறும் போத்தலை நீட்டிக்கொண்டே நின்றார்.

மறைப்புக்குள் போனேன். அந்த வருஷம் நீலம். பிறகும் வருஷா வருஷம் நீலம். நாற்பத்தாறாம் வயதில் ஒரு காலை அது பச்சையானது. தாகம் இல்லை, மெலிவு இல்லை, முதல் நாள்தான் ஒரு கலியாண வீட்டில் இரண்டு தரம் வட்டிலாப்ப இனிப்புச் சாப்பிட்டிருந்தேன். உடம்பைக் கேட்டிருந்தால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கும். அது சொல்வதை நம்பாமல் வருஷம் ஒரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அந்த வேலையில் நான் கற்றது.

நேரத்தோடு கண்டதால், நான் ஓய்வு பெற்றது கால் விரல் பத்தோடும்தான்.