ஒரு பல்லு பிந்தி வந்த குரல்

ஆடிக் காற்று மண்ணை அள்ளி வீசுகிற மாசத்தில் எங்கள் காருக்கு டைமிங் பெல்ட் மாற்ற உட்கார்ந்தேன். புத்தியுள்ளவன் அந்த மாசத்தில் இஞ்சினைத் திறக்க மாட்டான். எனக்கு வேறு வழியில்லை.

என் மனைவி குவைத்தில் நர்ஸ். போய் இரண்டரை வருசம் ஆகியிருந்தது. அந்த மாசக் கடைசியில் லீவில் வருவதாகப் பேச்சு. கொச்சியில் இறங்குவாள். அங்கிருந்து குமுளி மலை வழியாக அனுமந்தன்பட்டிக்குக் கூட்டி வர வேண்டும். "டாக்சி கீக்சின்னு பேசிராதீக. நம்ம கார்லதான் ஊருக்குள்ள வரணும்" என்று சொல்லிவிட்டாள்.

காரோ பெல்ட் மாற்ற வேண்டிய கெடுவைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. உத்தமபாளையத்து மெக்கானிக் பெல்ட்டை விரலால் மடக்கிப் பார்த்தார். "செயின் வண்டின்னா சத்தம் போட்டு அழுதுட்டுத்தான்ணே போகும். இது பெல்ட் வண்டி. சொல்லாமக் கொள்ளாமப் போயிரும். குமுளி ஏத்தத்துல போச்சுன்னா இஞ்சினே காலி" என்றார். நல்ல பேச்சு காதில் விழுந்தால் லேசில் என்னை விட்டுப் போகாது. வீடு வரை அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வேலையை அவரிடம் விடவில்லை. பெல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன். பம்புசெட்டைப் பிரித்துப் பிரித்து நானாகவே கை பழகியவன் என்பது ஒரு சாக்கு. போன தடவை இந்தப் பெல்ட்டை மாற்றியது நானும் அவளும் என்பதுதான் நிஜம்.

வேலை இதுதான். மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒரு பல்சக்கரம். இரண்டையும் ஒரே பெல்ட் சேர்த்துப் பிடித்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி உண்டு. இரண்டு புள்ளியும் ஒரே நேரத்தில் அதனதன் கோட்டுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். ஒரு பல்லு தள்ளிப்போனால் வண்டி இழுக்காது. இன்னும் தள்ளினால் உள்ளே இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளும். முன் டயரைக் கழற்றிவிட்டு அந்தச் சந்து வழியாக ஸ்பேனர் போட்டுத் திருப்புகிறவனுக்குக் கீழ்ப்புள்ளி தெரியும், மேல்புள்ளி தெரியாது. போன தடவை அவள்தான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு "வருது, வருது, போதும்" என்று சொன்னாள். புள்ளி மங்கலாக இருக்கிறதென்று தன் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துவந்து அதன்மேல் பொட்டு வேறு வைத்தாள்.

இந்தத் தடவை செல்போனை பேட்டரிமேல் சாய்த்து வைத்து, வீடியோ காலில் அவளை மேல்சக்கரத்தைப் பார்க்க வைத்தேன். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், இங்கே மூன்றரை மணி. மண் விழாமல் இருக்க அவளுடைய பழைய சேலை ஒன்றை பானெட்டிலிருந்து வாசல் வேப்பமரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தேன்.

"ஏங்க, அது என் நெயில் பாலிஷா? இன்னுமா இருக்கு?"

"பெல்ட் மூடிக்குள்ளயே கெடந்துச்சுல்லத்தா, அழியல."

"இங்க போட விடமாட்டாக. ரெண்டரை வருசமா வெறும் நகந்தான்."

ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு வந்த என் அண்ணன் பெண்டாட்டி நின்று பார்த்தது. "என்ன கொழுந்தனாரே, பொண்டாட்டிய இஞ்சினுக்குள்ள தேடுறீகளா?"

"கெடைச்சிட்டேன்க்கா!" என்று போனுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. தழைக்கட்டோடு சிரித்துக்கொண்டே போய்விட்டது மதினி.

புது பெல்ட்டை மாட்டிவிட்டு, சரிபார்ப்பதற்காகக் கையால் இரண்டு சுற்றுத் திருப்பினேன். "வருது... போதும்" என்றாள். நிறுத்திவிட்டுப் பார்த்தால் கீழ்ப்புள்ளி ஒரு பல்லு தாண்டி நின்றது. நான்தான் தப்பாக மாட்டிவிட்டேன் என்று பெல்ட்டைத் தளர்த்தி ஒரு பல்லு மாற்றிப் போட்டேன். மறுபடி திருப்பினேன். "போதும்." இப்போது கீழ்ப்புள்ளி அச்சாக நின்றது. எழுந்து கையைத் துடைத்தேன்.

"இருங்க, இருங்க. சாவியத் தொடாதீக" என்றாள். "நான் போதும்னு சொன்னப்பறமும் பொட்டு நகந்துச்சுங்க. கோட்டத் தாண்டி நிக்குது பாருங்க."

அப்போதுதான் உறைத்தது. படம் அவளுக்குப் பிந்திப் போகிறது. அவள் குரல் எனக்குப் பிந்தி வருகிறது. அந்தப் பிந்தலுக்குத் தக்கபடி, சரியாக இருந்த பெல்ட்டை நானே தப்பாக்கி வைத்திருக்கிறேன். எழுந்து நாலு எட்டு வைத்து மேலே நானே பார்த்திருக்கலாம். தோன்றவே இல்லை. அவள் பார்த்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

மறுபடி பெல்ட்டைத் தளர்த்திப் பழைய பல்லிலேயே மாட்டினேன். இந்தத் தடவை ஸ்பேனரைத் துளி திருப்புவேன், நிறுத்துவேன். அவள் குரல் வந்து சேர்கிற வரைக்கும் கை அசைக்க மாட்டேன். "இன்னும் கொஞ்சம்." திருப்புவேன், காத்திருப்பேன். "இன்னும் கொஞ்சூண்டு." கடைசியில் "போதும்" வந்தபோது மேலேயும் கீழேயும் புள்ளிகள் கோட்டில் நின்றன. இந்தத் தடவை எழுந்துபோய் என் கண்ணாலும் பார்த்தேன்.

சாவியைத் திருப்பினேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

"கொஞ்சம் ஆக்சிலேட்டர மிதிங்க, கேக்கணும்" என்றாள். மிதித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், "லீவு தள்ளிப்போச்சுங்க. தை மாசத்துலதானாம். காலையிலயே சொல்லிட்டாக."

"ஏத்தா, முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா ஸ்பேனரக் கீழ போட்டுட்டு உக்காந்திருப்பீக. எனக்கு இந்தச் சத்தம் வேணும்ல."

காரிலிருந்து இறங்கி, பெல்ட் மூடியைக் கையில் எடுத்தேன். "மூடிய மாட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பொட்டக் கிட்டத்துல காட்டுங்க" என்றாள். வண்டியை நிறுத்திவிட்டு போனைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு வார்டிலிருந்து கூப்பிடுகிற வரை பிடித்திருந்தேன்.

இன்னும் தை பிறக்கவில்லை. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் காரைக் கிளப்பி, அவளுக்குக் கேட்கட்டும் என்று போனை பானெட்மேல் வைக்கிறேன். முன்னெல்லாம் அவள் பேசுவதற்குள் நான் பேசி, இரண்டு பேர் பேச்சும் இடித்துக்கொள்ளும். இப்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு பல்லு பிந்தி வருகிறது அவள் குரல்.