மீன் போடாத மீன் குழம்பு

எங்கள் வீட்டில் எதிலாவது முக்கியமான சமாசாரம் விட்டுப்போயிருந்தால், "மீன் போடாத மீன் குழம்பு" என்பார் அப்பா. மாப்பிள்ளை வந்து சேராத நிச்சயதார்த்தம், முந்திரி போட மறந்த கிறிஸ்துமஸ் கேக், எல்லாவற்றுக்கும் இதே பெயர்தான். பதினைந்து வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்து வீட்டில் சொன்னவன் நான். ஆகவே சிரிப்பை ஆரம்பித்துவைத்த பெருமையும் எனக்கே. அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய்ப் புதைக்கலாம் என்று இப்போது இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை அது. நியூசிலாந்திலிருந்து வந்திருந்த சித்தப்பா திரும்பிப் போகும்போது தன் தூண்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு துண்டாகக் கழன்று ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடுகிற தூண்டில். அதற்குப் புழு வேண்டாம். கொக்கியைச் சுற்றி இறகையும் நூலையும் கட்டி ஈ மாதிரி செய்திருப்பார்கள். அந்தப் பொய் ஈயைச் சாட்டை வீசுவதுபோலப் பின்னுக்கும் முன்னுக்கும் வீசி, தண்ணீர் மேல் மெதுவாக இறக்க வேண்டும். சித்தப்பா போனில் வீடியோக்களும் காட்டினார். இடுப்பளவு ஆற்றில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா நிற்கிறார். பிடித்த மீனை நனைந்த கைகளில் ஏந்தி, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்.

"ஜென்டில்மேன் பிடிச்ச மீனைத் திங்க மாட்டான்டா" என்றார் சித்தப்பா. சொன்னவர் அன்று மதியம் அம்மா பொரித்த வஞ்சிரத்தில் நான்கு துண்டு சாப்பிட்டார். அது எனக்கு உறைக்கவில்லை.

கஜா என் வகுப்புத் தோழன். முடிச்சூர் பக்கம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த பழைய தெருவில் அவன் வீடு. அவன் அம்மா ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனிக்குத் தைக்கப் போவார். பகலில் அவர் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாட்களில் கஜா எங்கள் வீட்டில்தான் கிடப்பான். அவன் தலையைக் கண்டாலே என் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவாள். இது அவன் அம்மாவை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருநாள் கஜா வந்து அழைப்பு வைத்தான்.

"ஞாய்த்துக்கெழம உனுக்கும் உங்க அக்காவுக்கும் எங்க வூட்லதான் சாப்பாடு. அம்மா சொல்லிச்சு. விரால் மீன் கொழம்பு."

"விராலா? எந்த மார்க்கெட்ல?"

"மார்க்கெட்டு இன்னாத்துக்கு? நானே புடிச்சுகினு வரேன்னு சொல்லிட்டேன். நான் புடிச்சாதான்டா நான் சோறு போட்ட மாதிரி இருக்கும்."

அப்படிச் சொன்னபோது அவன் முகம் எப்படி இருந்தது என்பது இன்றைக்கும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கு நான் யோசித்தது என் தூண்டிலுக்கு ஒரு வேலை வந்துவிட்டது என்பதை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு ஏரிக்குப் போனோம். பையன்களைத் தனியாகத் தண்ணீர்ப் பக்கம் அனுப்பப் பயந்து, பத்தாம் வகுப்பு எழுதியிருந்த அக்காவை அம்மா காவலுக்கு அனுப்பினாள். ஏரி அந்த வீடியோ ஆறு மாதிரி இல்லை. பாதியை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. கரையெல்லாம் சீமைக்கருவேலம். பின்னால் வீச இடமே இல்லை. தலைக்கு மேல் ஒரு பயிற்சி விமானம் வேறு வட்டமடித்துக்கொண்டிருந்தது.

கஜா என் ஈயை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "இன்னாடா இது, காது கொடையறதா?"

"ஈடா."

"விரால் எங்கடா ஈய துன்னும்? அது தவக்கள துன்னும்."

சொன்னபடியே ஒரு குட்டித் தவளையைக் கொக்கியில் மாட்டி, மூங்கில் கழியால் அதைத் தாமரை ஓரமாகத் தத்தித் தத்திப் போகவைத்தான். நான் என் சாட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் என் ஈ அக்காவின் துப்பட்டாவை ஒரு தடவையும் என் சட்டைக் காலரை இரண்டு தடவையும் பிடித்தது. கஜா ஒரு விராலைப் பிடித்தான்.

முழங்கை நீளம் இருக்கும். "அக்கா, பக்கெட்டு, பக்கெட்டு!" என்று கத்தினான். அக்காவும் குதித்துக்கொண்டு கத்தினாள். நான் கத்தவில்லை. பக்கெட்டில் அது வாலை அடித்தபோது தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. எழுந்துபோய் ஆத்திரத்தில் ஓங்கி வீசினேன். ஈ பின்னாலிருந்த கருவேல மரத்தின் உச்சியில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன். நூல் அறுந்தது. என்னிடம் இருந்ததே அந்த ஒரு ஈதான். கீழே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"அழுவாதடா. நான் எட்த்துத் தரேன்" என்றான் கஜா. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு முட்களுக்குள் நுழைந்தான். அக்கா கீழிருந்து ஒரு கழியால் கிளையை விலக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கெட்டுக்குப் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன்.

இரக்கத்தால் செய்தேன் என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. பொறாமைதான், வேறொன்றுமில்லை. நியூசிலாந்துத் தூண்டிலால் ஆகாததை ஒரு மூங்கில் கழி செய்துவிட்டதே என்ற எரிச்சல். அந்த எரிச்சலுக்கு சித்தப்பாவின் வார்த்தை தோதாக வந்து வாய்த்தது. பக்கெட்டைத் தண்ணீரோரம் இழுத்துப்போனேன். வீடியோவில் பார்த்தபடி கைகளை நனைத்துக்கொண்டேன். மீனை இரண்டு கைகளாலும் எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தேன். விட்டேன். அது சேற்றைக் கலக்கிவிட்டுப் போயிற்று.

கஜா மரத்திலிருந்து இறங்கி வந்தான். இரண்டு முழங்கையும் கீறி ரத்தம் கோடுகோடாக வழிந்தது. ஈயை என் கையில் வைத்துவிட்டுப் பக்கெட்டைப் பார்த்தான்.

"நான் விட்டுட்டேன். ஜென்டில்மேன் பிடிச்ச மீனைத் திங்க மாட்டான்" என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது. அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். "அம்மா மசாலா அரைச்சு வெச்சுகினு கீதுடா" என்றான். பிறகு இன்னொரு தவளையைத் தேடிப் பிடித்து, ஒரு மணி நேரம் வெயிலில் நின்றான். ஒன்றும் கிடைக்கவில்லை. வழியில் மீன் வாங்கிக்கொண்டு போகலாமென்று அக்கா மன்றாடிப் பார்த்தாள். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

அவன் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். உள்ளே புளியும் மாங்காயுமாகக் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது.

"வாங்கபா. மீனு எங்கடா?"

"புடிச்சேம்மா. கையில வந்து நழுவிடுச்சு" என்றான் கஜா. என்னைப் பார்க்காமலே சொன்னான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன், அந்தப் பெருமை எனக்கு வரக்கூடாது என்று மறைக்கிறானே! வாயைத் திறந்தேன். அக்கா நறுக்கென்று தொடையில் கிள்ளினாள். திறந்த வாயைச் சும்மா மூட மனம் வராமல், "அவனுக்குப் பிடிக்கவே தெரியலை ஆன்ட்டி" என்றேன்.

அவர் சிரித்தார். விருந்தாளிக்காகச் சிரித்த சிரிப்பு. "வாய்தான் கீது இவனுக்கு. ஊரையே கூப்ட்டு ஒக்கார வெச்சுட்டு, வெறும் கையோட வந்து நிக்கறான் பாரு. கையி இன்னாடா இப்டி கிழிஞ்சுகீது?"

"முள்ளும்மா."

அந்த முள்ளுக்குள் அவன் எதற்குப் போனான் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஈ என் கால்சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

வீட்டில் இருந்த இரண்டு முட்டைகளை அந்தக் குழம்பில் உடைத்து ஊற்றினார். அவை அக்கா தட்டுக்கும் என் தட்டுக்கும் வந்தன. "தப்பா நெனச்சுக்காதீங்கபா, இன்னொரு தபா வாங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா மூன்றாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். கஜா வெறும் குழம்பைப் பிசைந்து, தலை நிமிராமல் தின்று முடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விருந்து எப்படி என்று கேட்டாள். "மீன் போடாத மீன் குழம்பு" என்றேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த நகைச்சுவைக்கு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

கஜா அதற்குப் பிறகும் விளையாட வந்துகொண்டுதான் இருந்தான். ஆனால் அம்மா தட்டை நீட்டும்போதெல்லாம், "சாப்ட்டுதான் வந்தேன் ஆன்ட்டி" என்று பின்னால் நகர்ந்துகொண்டான். இந்த வயதுப் பையனுக்கு எப்படிப் பசிக்காமல் இருக்கும் என்று அம்மா கவலைப்பட்டாள். எனக்கு அந்தக் கவலையும் இல்லை. அவனுக்கென்று வார்த்த தோசையை என் பக்கம் இழுத்துச் சாப்பிட்டேன்.