உச்சி வெயிலில் தெரியாத புகை

எங்கள் தெருவில் என் மனைவிக்குத் 'தூசியம்மா' என்று பெயர். வானிலை அலுவலகத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, புகையும் புழுதியும் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று சொல்வதுதான் அவள் வேலை. போன மாதம் அவள் பேச்சைக் கேட்டு ஊரே ஜன்னலைச் சாத்தியது. புழுதியோ தலைக்கு மேலே எங்கேயோ உயரத்தில் போய்விட்டது. மேலிருந்து எடுக்கும் படத்தில் அது தரையோடு வருகிறதா, உயரத்தில் போகிறதா என்று சரியாகத் தெரியாதாம். இதையெல்லாம் யார் காதில் வாங்குகிறார்கள்? "தூசியம்மா, துணி காயப்போடலாமா?" என்று பக்கத்து வீட்டுக்காரி இன்னமும் வம்புக்கு இழுக்கிறாள்.

எங்கள் மகளுக்கு இழுப்பு. கொஞ்சம் புகை பட்டாலே ஆஸ்பத்திரிதான். பத்து வயது வரை ஓட்டப் பந்தயத்தை ஓரமாக நின்று பார்த்தே பழகியவள். இந்த வருடம் டாக்டரே, "தாராளமா ஓடட்டும்" என்று சொல்லிவிட்டார். பந்தயம் மாலையில். அன்று பார்த்து, காலைப் படத்தில் காட்டுத்தீயின் புகை எங்கள் ஊரை நோக்கி நீண்டிருந்தது.

என் தையல் கடையில் வேலை ஓடவில்லை. போனில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் பார்த்தால் புகையே இல்லை. உடனே மனைவியைப் போனில் கூப்பிட்டேன்.

"படம் பளிச்சுன்னு இருக்கு. பாப்பாவை அனுப்பிடட்டுமா?"

"அவசரப்படாதீங்க. உச்சி வெயில்ல புகை இருந்தாலும் படத்துல சரியாத் தெரியாது. சூரியன் சாயட்டும்."

"உனக்கு எப்பவும் ஒரு சாக்கு!"

போனை வைத்துவிட்டேன். கோபத்தில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் மாற்றித் தைத்தேன். வீட்டுக்குப் போனால், மகள் ஷூவை மாட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

வெயில் சாய்ந்ததும் போன் வந்தது.

"இப்போ புகை நல்லாத் தெரியுது. காத்து திரும்பி நம்ம ஊரை விட்டு ஒதுங்கிடுச்சு. போன தடவை மாதிரி ஆகக்கூடாதுன்னு காட்டுப் பக்கம் பெட்ரோல் பங்க்லயும் கேட்டுட்டேன். கீழேயும் புகை இல்லையாம்; தூரத்துத் தண்ணித் தொட்டியில எழுதியிருக்கிறதைக்கூடப் படிக்க முடியுதாம். ஓடச் சொல்லுங்க!"

மகள் ஓடினாள். கடைசிக்கு முந்தியவளாக வந்தாள். அலுவலக அட்டை கழுத்தில் ஆட என் மனைவி வந்து சேர்ந்தபோது, பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இவள் இழுப்பென்று பயந்து, பையில் மருந்தைத் துழாவினாள்.

"அம்மா, பயப்படாதீங்க." மகள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "இது இழுப்பு இல்ல. ஓடுன மூச்சு."

மைதானம் என்றும் பாராமல் நாங்கள் இரண்டு பேரும் அழுதுவிட்டோம்.