கோட்டுக்குப் பின் விட்ட இடம்

வேலணைத் தீவின் சரவணையிலோ சுற்றுவட்டாரத்திலோ ஒரு செத்தவீடு நடந்தால், முப்பத்தோராம் நாளுக்கு முன் பரிமளம் அந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருவாள் என்பது ஊரறிந்த சங்கதி. அந்த நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடிக்கிற கல்வெட்டில் நூலகத்துக்கு இரண்டு பிரதி எடுத்துவைக்கச் சொல்லத்தான் வருவாள். செத்தவரின் வம்சம், பிள்ளைகள், மருமக்கள், புலவர் ஒருவரைப் பிடித்து எழுதுவித்த புலம்பல் பாட்டுகள், முகப்பில் ஒரு படம், இவ்வளவும் கொண்ட சின்னப் புத்தகம் அது. அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் ஒவ்வொன்று கொடுப்பார்கள். வீட்டுக்குப் போனால் கூரை வளையில் செருகப்பட்டுக் கறையானுக்கு ஆகும். பரிமளத்தின் அலுமாரியில்தான் அதற்கு ஆயுள்.

“நீ வந்து சுகம் விசாரிச்சால் எனக்கு நெஞ்சு பக்கெண்டுது, பிள்ளை” என்று சந்திக் கடைக்காரர் ஒருநாள் சொன்னார்.

“பயப்பிடாதேங்கோ அண்ணை. உங்களுக்கு இடம் கிடக்கு, ஆனால் அவசரமில்லை” என்றாள்.

பொது நூலகத்தின் ஆவணப் பகுதிக்கு அவள் மேற்பார்வையாளர். பகுதி என்றால் பின்னறை ஒன்று, நாலு அலுமாரி, ஒரு நீள மேசை, உதவிக்கு ஊர்காவற்றுறையிலிருந்து சைக்கிளில் வருகிற மேரிறோஸ். யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்த பிறகுதான், தீவுக்குரியதைத் தீவிலேயே சேர்த்துவைக்கவேண்டும் என்று பெரியவர்களுக்கு உறைத்தது. பொறுப்பு அவளிடம் வந்தது. கடற்காற்று கடதாசிக்கு ஆகாது. வாடை தொடங்கினால் அலுமாரிகளைப் பூட்டி, இடுக்கெல்லாம் பழந்துணி அடைத்துவிடுவாள். சோளகக் காற்று எழும்பிய பிறகு திறந்து, கல்வெட்டுகளை விசிறிபோல விரித்து மேசையில் நிறுத்தி, பறக்காமல் குறுக்கே நூல் கட்டி, இரண்டு நாள் காற்றாட விட்டு, வேப்பிலை மாற்றி அடுக்குவாள்.

அங்கே அவள் போட்ட சட்டம் ஒன்றுதான். அச்சில் வந்ததில் பேனை வைக்கக்கூடாது. ஒருமுறை புங்குடுதீவிலிருந்து ஒரு மனிசி வந்து, தன் தமையன்மார் வேண்டுமென்றே தன் பெயரை விட்டுவிட்டார்கள் என்று அழ, மேரிறோஸ் மனம் இளகிக் கல்வெட்டிலேயே அந்தப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள். பரிமளம் அதைக் கண்டுவிட்டுக் கதிரையில் இருத்தி வைத்துச் சொன்னாள்:

“விட்டது பிழைதான். ஆனால் அது அந்த வீட்டாற்றை பிழை. அவையள் விட்டவை எண்டதையும் சேர்த்துத்தான் நாங்கள் வைச்சிருக்கிறம். உமக்குத் தெரிஞ்சதை அட்டையிலை எழுதும். அட்டைதான் எங்கடை.”

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அட்டை. பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு, ஒரு சின்னக் கோடு, இறந்த ஆண்டு. உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கோட்டோடு நிற்கும்.

பரிமளத்தின் புருஷன் குலசிங்கம் இரத்தினபுரியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. பின் ஒழுங்கையால் ஓடினதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அவ்வளவுதான் தெரியும். காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்திறங்கியவர்களிடம் அவள் போய் விசாரித்தாள். அகதி முகாம்களுக்குக் கடிதம் போட்டாள். பிறகு வேலைக்குப் போகத் தொடங்கினாள். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. கோயிலில் சில பெண்கள் அதைப் பார்ப்பதும் பிறகு வேறெங்கோ பார்ப்பதும் அவளுக்குப் பழகிப்போயிற்று. பிள்ளைகள் இல்லை. சரவணையில் மாமன் அப்புத்துரை, மாமி அன்னபூரணம், அவள் என்று மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தார்கள். கொழுந்தன் பரராசசிங்கம் இரண்டு வளவு தள்ளிக் குடும்பமாக இருந்தான். பின்னேரம் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் மூன்று பேரும் பேச்சை நிறுத்துவார்கள். பஸ் போன பிறகு, விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள்.

எண்பத்தொன்பது ஆனியில் அப்புத்துரை படுக்கையில் விழுந்து, கிழமை திரும்புவதற்குள் போய்விட்டார்.

கல்வெட்டு வேலையைப் பரராசசிங்கம் எடுத்துக்கொண்டான். அந்தியேட்டிக்கு முந்தின நாள் பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டியோடு வந்தான். பண்ணைப் பாலத்தடியில் இந்திய ஆமிக்காரன் பெட்டியை அவிழ்ப்பித்து, முகப்பில் அப்புத்துரையின் படத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினானாம். மறுநாள் பரிமளம் குசினியை விட்டு வெளியே வரவில்லை. பந்தி முடிந்து, புத்தகங்களும் கை மாறின. இரண்டு பிரதியை மட்டும் சேலைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டாள். தன் வீட்டுக் கல்வெட்டை மற்றவர்களுடையதைப்போல மேசையில் வைத்துத்தான் வாசிக்கவேண்டும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

மேரிறோஸ் வாசிப்பாள், பரிமளம் அட்டை எழுதுவாள். அதுதான் அவர்களின் முறை. தகப்பன், தாய், பிறந்த இடம் எல்லாம் சரளமாக வந்தன.

“அன்னபூரணத்தின் அன்புக் கணவரும்...” என்று வாசித்துக்கொண்டு போன மேரிறோஸ் நின்றாள்.

“ஏன் நிப்பாட்டினீர்?”

“அக்கா, இதை நீங்களே வாசியுங்கோ.”

‘காலஞ்சென்ற குலசிங்கம், பரராசசிங்கம் ஆகியோரின் பாசமிகு தந்தையும்’ என்றிருந்தது.

பரிமளம் வாசித்தாள். பிறகு பக்கத்தைப் புரட்டி மருமக்கள் புலம்பலையும் வாசித்தாள். தான் வாய் திறந்து சொல்லாத எட்டு வரியில் அவள் மாமனை நினைத்து உருகியிருந்தாள். “புலவர் என்னைக் காணாமலே நல்லா அழுதிருக்கிறார்” என்றாள். மேசையில் பேனை திறந்தபடி கிடந்தது. ஒரு சொல்தான், ஒரு கீறில் போய்விடும். மேரிறோஸ் அந்தப் பேனையையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. எழுந்துபோய் யன்னல் கொளுக்கியைச் சரிசெய்துகொண்டு நின்றாள். பரிமளம் பேனையை மூடினாள். புத்தகத்தை அலுமாரியில் வைக்காமல் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாள். நூலகத்துக்கு வந்த கல்வெட்டொன்று அலுமாரிக்குப் போகாமல் நின்றது அன்றைக்குத்தான்.

வரும் வழியில் பரராசசிங்கத்தின் படலையடியில் சைக்கிளால் இறங்கினாள்.

“உமக்கு ஆர் சொன்னது, தம்பி? பாத்தவையோ?”

அவன் தலையைக் குனிந்தான். “என்னோடை கோவியாதேங்கோ அண்ணி. நான் பேரை மட்டுந்தான் எழுதிக் குடுத்தனான். அம்மாதான் அதைப் போடச் சொன்னவ.”

அன்னபூரணம் முற்றத்தில் பாய் விரித்துச் செத்தல் மிளகாயில் காம்பு முறித்துக்கொண்டிருந்தார். பரிமளம் எதிரே குந்தினாள். அவளும் இரண்டு மிளகாயை எடுத்து முறித்தாள்.

“வாசிச்சிட்டியாக்கும்” என்றார் மாமி.

“ஓம்.”

“அந்த மனிசன் தனிய ஒரு இடம் போய்ப் பழக்கமில்லாத ஆள், பிள்ளை. யாழ்ப்பாணம் போறதெண்டாலும் ஆரையும் கூட்டிக்கொண்டுதான் போவார். கடைசி ரெண்டு நாளும் மூத்தவனைத்தான் கேட்டவர். அவன் அங்கை முன்னுக்குப் போய் நிக்கிறான் எண்டு எழுதினால், இவருக்கு ஒரு துணை எண்டு நினைச்சன். வேறை ஒண்டும் நினைக்கேல்லை.” அடுத்த மிளகாயை எடுத்துக்கொண்டு, “உன்னை நினைச்சிருக்கவேணும்” என்றார்.

“நீங்கள் நம்புறியளோ மாமி? அவர் இல்லையெண்டு?”

“அந்த மனிசனுக்காக நம்பினனான். எனக்கெண்டு கேட்டால் ஏலாது.”

பஸ் சந்தியில் நிற்கிற சத்தம் கேட்டது. மிளகாய் முறிக்கிற இரண்டு சோடிக் கைகளும் நின்றன. பஸ் இரைந்துகொண்டு வேலணைப் பக்கம் போனது. மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கப் போக, “மிளகாய்க் கை, மாமி” என்று பரிமளம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விடவில்லை.

மறுநாள் லாச்சியைத் திறந்து கல்வெட்டை எடுத்தாள். எண் போட்டு, வேப்பிலை வைத்து, அச்சில் உள்ளபடி அலுமாரியில் நிறுத்தினாள். பிறகு புது அட்டை ஒன்று எடுத்தாள். ஆறு வருடமாக அவன் பெயருக்கு அட்டை இருக்கவில்லை. எந்தக் கல்வெட்டிலும் அவன் பெயர் வந்ததில்லை. குலசிங்கம், அப்புத்துரை. அவன் பெயரை இவ்வளவு நிதானமாக எழுதிக் கனகாலம். பிறந்த ஆண்டைப் போட்டாள். ஒரு கோடு கீறினாள்.

“பிறகு என்ன எழுதிறது அக்கா?” என்றாள் மேரிறோஸ் மெதுவாக.

“எங்களுக்குத் தெரியாததை நாங்கள் எழுதிறேல்லை. பெட்டியிலை வையும்.”

அன்றைக்குப் பின்னேரம் மாமி தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே கேட்டார். “வைச்சிட்டியோ?”

“வைச்சிட்டன்.”

“அந்தச் சொல்லோடையோ?”

“புத்தகத்திலை கை வைக்கேல்லை மாமி. அது உங்கடை. அட்டையிலை நான் எழுதேல்லை. கோடு கீறி, பிறகு இடம் விட்டிருக்கிறன்.”

அன்னபூரணம் யோசித்தார். “எவ்வளவு இடம்?”

பரிமளம் பேணியைக் கீழே வைத்துவிட்டு, பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினாள். ஒரு ஆண்டு எழுதப் போதுமான அளவு.

மாமி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் கொஞ்சம் கூட விட்டிருக்கலாம், பிள்ளை” என்றார்.