இரண்டு வெறும் ஆணிகள்

எனக்குச் சந்தேகப் புத்தி கூட. பால் பெட்டியில் அச்சடித்த திகதியை நம்பாமல் மூடியைத் திறந்து மணந்து பார்க்கிற ஆள் நான். குணம் பாதி, தொழில் பாதி. கனடாவில் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அதிகாரி கேட்பதைத் தமிழிலும் எதிரே இருப்பவர் சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்வது என் வேலை. நானாக ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது, தலையைக்கூட ஆட்டக்கூடாது. வாயைக் கட்டிப்போட்டால் காது கூர்மையாகிவிடும். எது பாடமாக்கிய கதை, எது பட்ட கதை என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டே இருப்பேன்.

அதனால்தான் மகள் என்னிடம் வந்தாள். ஸ்காபரோவில் ஒரு சிறிய ஓவியக் கூடத்தில் அவளுக்கு வேலை. முதன்முதலாக அவள் பொறுப்பில் ஒரு கண்காட்சி. ஓவியர் மிசிசாகாவில் இருக்கும் ஒரு பெண். தாய்வழியில் தான் நிசெனான் என்றார். கலிபோர்னியாவின் மலையடிவாரத்து ஆறுகளின் ஓரம் வாழ்ந்துவரும் பூர்வகுடி அது. அவர்களுடைய கதைகளில் தண்ணீருக்குள் வாழும் உயிர்கள் வருமாம். அவற்றை நினைத்து வரைந்த படங்கள்தான் கண்காட்சி.

திறப்புக்குச் சில நாட்கள் இருக்கையில் நிர்வாகக் குழுவில் ஒருவர், "இவர் உண்மையாகவே அந்தக் குடிதானா, உறுப்பினர் அட்டை ஏதும் உண்டா?" என்று கேட்டுவிட்டார். பூர்வகுடி என்று பொய் சொல்லிப் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்திகள் இங்கே அடிக்கடி வரும். ஆகவே கேள்வி காற்றில் வந்ததல்ல. அட்டை இல்லை. அவருடைய ஊர்க்காரர்களுக்கிருந்த அங்கீகாரத்தை அமெரிக்க அரசு எப்போதோ நீக்கிவிட்டதாம்.

"அவ பொய்யெண்டால் என்ரை வேலை போச்சு. உண்மையா இருந்து நாங்கள் கான்சல் பண்ணினால் அது எவ்வளவு அநியாயம்," என்றாள் மகள். "நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோ அம்மா. உங்களுக்கெண்டால் தெரியும்."

"நான் என்ன குறி சொல்லுற சாத்திரியே?" என்று கேட்டேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் படங்களைப் பார்க்கப் போனேன். நீலத் தண்ணீரை எதிர்பார்த்தேன். எல்லாம் கலங்கல் மண்ணிறம். பொன் தோண்ட வந்தவர்கள் மலையைக் கரைத்து ஆற்றில் விட்ட நிறம் அது என்று மகள் சொன்னாள். அந்தக் கலங்கலுக்குள் ஏதோ ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. எந்தப் படத்திலும் முகம் இல்லை. முகம் காட்டாதவரை நான் எப்படி நம்புவது?

கடைசிச் சுவரில் இரண்டு ஆணிகள் மட்டும் இருந்தன. படம் இல்லை. ஆனால் விளக்குகள் அந்த இடங்களில் விழும்படி திருப்பப்பட்டிருந்தன.

"உது என்ன?"

"அப்பிடியே விடச் சொன்னா. ஏனெண்டு கேட்டால் கதையை மாத்துறா."

எனக்கு அது போதுமாக இருந்தது. ஓவியர் எதையோ ஒளிக்கிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டுக்கு அவரைச் சாப்பிட அழைத்தோம். ஐம்பது வயதிருக்கும். சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு வந்தார். நடிப்பு என்று நினைத்தேன். மீன்குழம்பைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். அதுவும் நடிப்புத்தான். நான் சோறு போட்டுக்கொண்டே, அதிகாரிகள் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன். உங்கள் ஊர் ஆற்றுக்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?

"தெரியாது. சில சொற்கள்தான் தெரியும். அம்மாவுக்கும் அவ்வளவுதான்."

அந்த உயிர்களில் ஒன்றின் கதையைச் சொல்லுங்களேன்.

"சொல்ல மாட்டேன்."

ஒருவரிடம் கேட்டதையே சற்று நேரம் கழித்துச் சொற்களை மாற்றிக் கேட்பது விசாரணை அறையின் பழைய வித்தை. அதையும் செய்தேன். அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

சொன்னேன். சிரித்தார். "அப்படியென்றால் இது சாப்பாடு இல்லை. விசாரணை."

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. வந்தது வரட்டும் என்று, அந்த இரண்டு ஆணிகளையும் பற்றிக் கேட்டேன்.

விரல்களில் ஒட்டியிருந்த சோற்றை வழித்துத் தட்டில் போட்டார். பிறகு சொன்னார்: ஒவ்வொரு படத்தையும் ஊரில் உள்ள தன் பெரியம்மாவிடமும் இன்னும் சிலரிடமும் காட்டிக் கேட்டாராம். இரண்டுக்கு அவர்கள் வேண்டாம் என்றார்களாம். அந்தக் கதைகள் வெளியாருக்கு இல்லை. "இருந்தவற்றிலேயே நல்லவை அந்த இரண்டும்தான்," என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கோபம் இருந்தது. பெரியம்மாமேல் உள்ள கோபம். அது பாடமாக்கிய கோபமாகத் தெரியவில்லை.

அவர் போன பிறகு மகள் கேட்டாள். "சொல்லுங்கோ. உண்மையோ?"

"பொய் சொல்லுறவை ஓட்டை விடமாட்டினம், பிள்ளை. எல்லாச் சுவரையும் நிரப்பிப் போடுவினம்."

"அந்தப் பெரியம்மான்ரை நம்பரைக் கேட்டிருக்கலாம். போர்டுக்கு ப்ரூஃப் வேணும்."

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "நான் இஞ்சை அகதியா வந்த நேரம் விசாரணையிலை என்னட்டையும் கேட்டவை. ஊர் விதானையாரிட்டை ஒரு கடிதம் எடுத்துத் தரச் சொல்லி. ஊரிலை ஒருத்தரும் இல்லை, பிறகெங்கை விதானையார்? எந்தப் பக்கத்தாலை ஷெல் வந்தது, எத்தினை மணிக்கு வந்தது எண்டு கேட்க, தெரியாது, தெரியாது எண்டுதான் சொன்னனான். விசாரிச்ச அந்த மனுசன் 'தெரியாது' எண்டதையும் ஒரு பதிலா எடுத்தபடியால்தான் நீ இஞ்சை பிறந்தனீ."

மகளுக்கு நான் அதுவரை இதைச் சொன்னதில்லை. அவள் நம்பரைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. அடுத்த நாள் குழுவினரைக் கடைசிச் சுவருக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய், தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாளாம். கண்காட்சியை நிறுத்தவில்லை. கேள்வி கேட்டவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாராம். அவரில் எனக்குக் கோபமில்லை. சந்தேகப்படுவதில் நானும் அவருடைய சாதிதான்.

திறப்பு நாளில் கூட்டம் இருந்தது. ஒருவர் வெறும் ஆணிகளைக் காட்டி ஓவியரிடம் கேட்டார்: "இவை விற்றுப்போய்விட்டனவா?"

ஓவியர் மிகவும் களைத்திருந்தார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். விசாரணை அறையில் சொல் வராமல் நிற்பவர்கள் என்னை அப்படித்தான் பார்ப்பார்கள். அங்கே நான் அசையாமல் இருந்துவிடுவேன்.

"இல்லை," என்றேன் நான். "அவற்றைக் காட்ட இவருக்கு அனுமதி இல்லை. அதற்கு மேல் கேட்காதீர்கள்."

ஒருவரும் சொல்லித் தராத சொற்கள். எவரும் சொன்னதை மொழிபெயர்த்ததும் அல்ல. வந்தவர் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். நானும் தலையாட்டினேன்.