கசப்பக்கா

குழந்தைகள் வார்டில் அவளுக்குக் கசப்பக்கா என்று பெயர். ஆபரேஷனுக்கு முன்னால் பிள்ளைகளின் பயம் அடங்க மருந்து கொடுக்கும் நர்ஸ். சிரப் என்றால் கசப்பு, மூக்கில் ஸ்ப்ரே அடித்தால் எரிச்சல், ஊசி என்றாலோ ஊரைக் கூட்டிவிடுவார்கள். "ஜூஸ்டா கண்ணு" என்று புளுகும் பெற்றோரைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கசக்கும் என்று உள்ளதைச் சொல்லித்தான் கொடுப்பாள். குடித்ததும் மடியில் போட்டுத் தட்டி, கதை சொல்லி, கண் சொருகும்வரை கூடவே இருப்பாள்.

குடித்த பிறகு நடப்பது பிள்ளைகளுக்கு மறந்துபோகும். "பயந்தது எதுவும் ஞாபகம் இருக்காதும்மா" என்று தாய்மாரைத் தேற்றுவாள்.

கை வெந்துபோன சிறுமி ஒருத்தி, ஒட்டிய விரல்களைப் பிரிக்க அடிக்கடி வருவாள். போன தடவை சிரப்பைத் துப்பிவிட்டாள். எவ்வளவு உள்ளே போனதென்று தெரியாமல் மறுபடி கொடுக்க முடியாது. கதறக் கதற அமுக்கிப் பிடித்து மயக்க மருந்து மாஸ்க் வைத்தார்கள். அன்று கசப்பக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று சிறுமி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். துப்பினால் இன்றும் அதே கதிதான்.

"என் மேல என்னடி கோவம்?"

"நீங்க கசப்பக் குடுத்துட்டுப் போயிடுவீங்க."

அம்மா பதறினாள். "அவங்க மடியிலதானடி எப்பவும் தூங்குவ."

"பொய்."

பிள்ளை பொய் சொல்லவில்லை. அவளுக்கு நினைவிருந்தது அவ்வளவுதான். இத்தனை வருஷமும் நல்லதையெல்லாம் மருந்துக்குப் பிறகே செய்துவந்திருக்கிறோம் என்று கசப்பக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மருந்துக் கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மணியைத் தொலைத்த ஆட்டின் கதையை ஆரம்பித்தாள். மயக்க மருந்து டாக்டர் வாசலில் வந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருங்க சார், ஆடு இன்னும் வீடு வந்து சேரல."

மணி வேலியில் மாட்டிக்கொண்டு காற்றில் தானே ஆடிக்கொண்டிருந்ததைக் கேட்டதும் சிறுமி சிரித்துவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"கசக்குமா?"

"கசக்கும்."

குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். மடியில் ஏறிப் படுத்தாள். சற்று நேரத்தில் நாக்கு குழற, "ஆட்டுக் கதை திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

இது அவள் நினைவில் தங்காது. தெரிந்தும் கசப்பக்கா ஒரு வரி விடாமல் சொன்னாள்.